செத்தது கர்னல், பழி தமிழுக்கு

"ஆன்ட்டி, கர்னல் செத்துப்போச்சு" என்று இரவு ஒன்பதரை மணிக்கு போன் வந்தது.

கரோல் பாகில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் சந்து முனையிலேயே ஒருவர் இருக்கிறார். தினமும் காலையில் நாயோடு நடப்பார். ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. பிறகு, படித்த தமிழ் எம்.ஏ. கைகொடுத்தது. "செத்துப்போயிட்டார்" என்று அவள் சொல்லவில்லை, "போச்சு" என்றாள். அஃறிணை. ஆக, போனது மனிதர் இல்லை.

அழைத்தவள் அடுத்த கட்டடத்தில் வசிக்கும் கல்லூரி மாணவி. தில்லியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, வகுப்பில் ஆங்கிலம். ஒரு காலத்தில் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த தமிழர்கள் முதலில் அறை தேடிய இடம் கரோல் பாக். பூசா ரோடில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இன்றும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் மயூர் விஹாருக்கும் ஜனக்புரிக்கும் நகர்ந்தாயிற்று. மிஞ்சியிருக்கும் வீடுகளிலிருந்து எட்டுக் குழந்தைகள் ஞாயிறுதோறும் என் வீட்டு முன்னறைக்கு வருகிறார்கள். தமிழ் சரளமாகப் பேசுவார்கள். எழுதச் சொன்னால் பென்சிலைக் கடிப்பார்கள்.

அந்தக் குழந்தைகளுக்காகத்தான் அவள் மூன்று வாரமாக உழைத்துக்கொண்டிருந்தாள். தமிழிலேயே கட்டளை எழுதி கம்ப்யூட்டரை வேலை வாங்கும் ஒரு குட்டி மொழி. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்தோம். போன் வந்தது வியாழக்கிழமை.

இதற்கு முந்தைய ஞாயிறன்று ஒரு சிறிய ஒத்திகை நடந்தது. பையனை அழைத்துப்போக வந்த ஒரு தந்தை, திரையில் அசையாமல் நின்றதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மேடம், தமிழ் இதுக்கெல்லாம் சரிப்பட்டு வராது. இங்கிலீஷ்லயே சொல்லிக் கொடுத்திருங்களேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஒரு அனுதாபத்தோடுதான் சொன்னார். அனுதாபமாக இருந்ததால்தான் எனக்கு உறைத்தது. இந்தத் தீர்ப்பை வாழ்நாள் முழுவதும் கேட்டுவருகிறேன். தந்திக்கு, தட்டச்சுக்கு, விஞ்ஞானத்துக்கு, சட்டத்துக்கு என்று ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர் இதையே சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

எனவே அந்தப் பெண்ணை லேப்டாப்போடு வரச் சொன்னேன். எனக்கு புரோக்ராம் எழுதத் தெரியாது. ஆனால் இருபது ஆண்டு மொழிபெயர்ப்பு அனுபவத்தில் ஒன்று தெரியும்: பேச்சு எங்கே முறிந்தது என்று கண்டுபிடிக்காமல் யார்மீதும் குற்றம் சொல்லக் கூடாது.

முதலில் இந்தக் கர்னல் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

'ஜூபிட்டர்' என்று ஒரு நோட்டுப்புத்தகம் இருக்கிறது. காகிதத்தில் அல்ல, பிரவுசரில் திறப்பது. ஒரு கட்டத்தில் கட்டளையை எழுதி இயக்கினால் அதன் கீழேயே விடை வரும். பக்கத்தில் விளக்கம் எழுதலாம், படம் வரையலாம். 2001இல் பெர்னாண்டோ பெரெஸ் என்ற கொலம்பியாக்காரர், அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது தன் வசதிக்காக எழுதிய 'ஐபைத்தான்' என்ற கருவிதான் இதன் மூலம். 2014இல் அது ஜூபிட்டர் என்ற பெரிய திட்டமாக விரிந்தது. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று கணினி மொழிகளின் பெயர்களைச் சேர்த்துக் கட்டிய பெயர் அது. வியாழனின் நிலவுகளைக் குறித்துவைத்த கலிலியோவின் குறிப்பேடுகளுக்கு ஒரு வணக்கமும் அதில் இருக்கிறது. இன்று பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இது அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது.

இந்த நோட்டுப்புத்தகத்துக்கு எந்த மொழியும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. நாம் எழுதியதை அது அப்படியே பின்னால் உட்கார்ந்திருக்கும் இன்னொரு புரோக்ராமுக்கு அனுப்புகிறது. புரிந்துகொள்வது, கணக்கிடுவது, பதில் சொல்வது எல்லாம் அதன் வேலை. அதற்குப் பெயர்தான் கர்னல். பைத்தானுக்கு ஒரு கர்னல், ஆருக்கு ஒரு கர்னல். யார் வேண்டுமானாலும் தம் மொழிக்கு ஒன்று எழுதிச் சேர்க்கலாம். மேடையில் நிற்கும் அமைச்சரையும் பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அமைச்சர் வாயசைப்பார். மொழிபெயர்ப்பாளர் மயங்கி விழுந்தால் கூட்டம் அவ்வளவுதான்.

எங்கள் மொழிபெயர்ப்பாளர் மயங்கித்தான் விழுந்திருந்தார். திரையில் ஆங்கிலத்தில் வந்த செய்தியைத் தமிழில் சொன்னால் இப்படி: கர்னல் இறந்துவிட்டது, தானாக உயிர்ப்பிக்கும் முயற்சியும் தோற்றது.

"ஏன் இறந்தது?" என்று கேட்டேன். "அது சொல்லலியே ஆன்ட்டி" என்றாள்.

சொல்லியிருந்தது. வேறொரு இடத்தில். நோட்டுப்புத்தகத்தை இயக்கிவைத்த கறுப்பு ஜன்னல் ஒன்று பின்னால் சிறிதாகக் கிடந்தது. அதைப் பெரிதாக்கினால் மரணத்தின் காரணம் கடைசி வரியில்: அவள் எழுதிய தொகுதி அங்கே இல்லவே இல்லையாம். முதல் பாடம் இது. அழகான திரை 'செத்தது' என்று மட்டும் சொல்லும். ஏன் என்பதைக் கறுப்பு ஜன்னல்தான் சொல்லும். பலர் அதைப் பார்க்காமலேயே மூன்று தடவை மூடித் திறந்து, பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள்.

கண்ணெதிரே இருக்கும் தொகுதி எப்படி இல்லாமல் போகும்? கர்னலுக்கு ஒரு முகவரிச் சீட்டு உண்டு. 'கர்னல் டாட் ஜேசன்' என்று ஒரு சின்ன ஃபைல். எந்த புரோக்ராமை எழுப்ப வேண்டும், மெனுவில் என்ன பெயர் காட்ட வேண்டும், என்ன மொழி என்பதெல்லாம் அதில் இருக்கும். அவள் கம்ப்யூட்டரில் இரண்டு பைத்தான்கள் இருந்தன. ஒன்று பழையது, கல்லூரிப் பாடத்துக்காகப் போட்டது. இன்னொன்று இந்த வேலைக்கென்று தனி அறையில் வைத்தது. தொகுதியை இரண்டாவதில் வைத்துவிட்டு, சீட்டில் வெறுமனே 'பைத்தான்' என்று எழுதியிருந்தாள். கம்ப்யூட்டர் முதலாவதன் கதவைத் தட்டியது. கரோல் பாகின் சந்துகளில் வீட்டு எண்ணை மட்டும் சொல்லி பிளாக்கின் பெயரைச் சொல்லாமல் விட்டால் கூரியர் பையன் எங்கே போய் நிற்பானோ அந்தக் கதைதான்.

'ஜூபிட்டர் கர்னல்ஸ்பெக் லிஸ்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. எந்தக் கர்னலின் சீட்டு எந்த அடைவில் கிடக்கிறது என்று அது வரிசையாகக் காட்டும். சீட்டைத் திறந்து, சரியான பைத்தானின் முழு முகவரியை எழுதினாள். கூடவே இன்னொன்றையும் சரிபார்த்தாள். நோட்டுப்புத்தகம் தன்னோடு பேச வேண்டிய வாசல்களின் எண்களையும் ரகசிய முத்திரையையும் ஒரு ஃபைலில் எழுதிக் கர்னலிடம் நீட்டும். அந்த ஃபைலைப் பெற்றுக்கொள்ளும் இடம் சீட்டில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அது விடுபட்டால் கர்னல் உயிரோடு இருக்கும், ஆனால் எங்கே போய்ப் பேசுவதென்று தெரியாமல் இருக்கும்.

கர்னல் எழுந்தது. அவள் 'பதிப்பி 5 + 3' என்று எழுதி இயக்கினாள். கீழே 8 வந்தது. நான் காபி போட எழுந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் முகம் வாடியிருந்தது. விடை வந்தும் கட்டத்தின் ஓரத்தில் சதுர அடைப்புக்குள் ஒரு நட்சத்திரம் அப்படியே இருந்தது. வேலை முடிந்தால் நட்சத்திரம் போய் அங்கே ஓர் எண் வர வேண்டும். ஒத்திகையன்று அந்தத் தந்தை பார்த்துக்கொண்டு நின்றதும் இதே நட்சத்திரத்தைத்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நோட்டுப்புத்தகமும் கர்னலும் ஒரே கம்பியில் பேசிக்கொள்வதில்லை. ஐந்து வழிகள் இருக்கின்றன. கட்டளை போவதும் 'முடித்துவிட்டேன்' என்ற பதில் வருவதும் ஒரு வழி. விடைகள், படங்கள், 'வேலையாயிருக்கிறேன், ஓய்வாயிருக்கிறேன்' என்ற அறிவிப்புகள் எல்லாம் இன்னொரு வழி. பயன்படுத்துபவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அதற்கு ஒன்று. நிறுத்து என்று அதட்ட ஒன்று. உயிரோடு இருக்கிறதா என்று நாடி பார்க்க ஒன்று. எங்கள் கர்னல் விடையைச் சரியாக அனுப்பியது. 'முடித்துவிட்டேன்' என்ற முறையான பதிலை மட்டும் அனுப்பவில்லை. ஓட்டலில் தோசை வந்துவிட்டது, சாப்பிட்டும் ஆயிற்று, பில் வரவில்லை. மேஜை எப்படிக் காலியாகும்?

அவளுடைய புரோக்ராமில், கணக்கு முடிந்ததும் திருப்பித் தர வேண்டிய தகவல்களை ஒரு கிளையில் எழுதியிருந்தாள், இன்னொரு கிளையில் மறந்திருந்தாள். வெற்றியா தோல்வியா, எத்தனையாவது கட்டளை என்ற விவரங்கள் அவை. நாலு வரி சேர்த்தாள். நட்சத்திரம் மறைந்தது. அங்கே 1 என்ற எண் வந்தது.

இதுவரை பார்த்த இரண்டு பழுதுகளுக்கும் தமிழுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முகவரி தப்பியதும் பதில் சொல்ல மறந்ததும் எந்த மொழிக்கு எழுதிய கர்னலிலும் நடக்கும். ஸ்வீடிஷ்காரர் எழுதினாலும் நடக்கும். ஆனால் ஸ்வீடிஷ்காரரிடம் யாரும் 'உங்கள் மொழி இதற்குச் சரிப்பட்டு வராது' என்று சொல்லப்போவதில்லை.

மூன்றாவது பழுதுதான் உண்மையிலேயே தமிழைத் தொட்டது. 'வயது = 12' என்று எழுதினாள். பிழை. என்ன பிழை என்று காட்டிய இடத்தில், புள்ளிகளால் ஆன ஒரு சின்ன வட்டமும் அதை ஒட்டி ஓர் உகரக் குறியும் தொங்கிக்கொண்டிருந்தன. 'எதிர்பாராத குறி' என்றது கர்னல்.

அந்த வட்டத்தைத் தமிழ் வாசகர்கள் எல்லோரும் எப்போதாவது பார்த்திருப்பீர்கள். ஏறி உட்கார மெய் கிடைக்காத உயிர்க்குறி அது. 'து'வின் உடம்பு ஒரு பக்கம் போய்விட்டது, உயிர் வட்டத்தில் தொங்குகிறது.

நடந்தது இதுதான். பைத்தானில் 'ஒரு சொல்லை எடு' என்று சொல்ல ஒரு சுருக்கக் குறி உண்டு: பின்சாய்கோடும் டபிள்யூ என்ற எழுத்தும். எழுத்து, எண், அடிக்கோடு எது வந்தாலும் சேர்த்துக்கொண்டே போகும், வேறு ஏதாவது வந்தால் நிற்கும். ஆங்கிலத்துக்கு இது போதும். யூனிகோட் கணக்கில் 'து' என்பது ஓர் எழுத்து அல்ல. 'த' என்ற எழுத்தும் உகரம் என்ற 'குறி'யும். அந்தச் சுருக்கக் குறி எழுத்துகளை மட்டும்தான் ஏற்கும், இந்தக் குறிகளை ஏற்காது. எனவே 'வயது' என்ற சொல் 'வயத' என்று நின்றுபோயிற்று. புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கும் இதே கதி. 'மரம்' என்றால் 'மரம'வோடு நின்று புள்ளி அநாதையாகிவிடும். இது தமிழுக்கு மட்டும் நேர்வதும் இல்லை. ஹிந்தி மாத்திரைகளுக்கும் இதேதான்.

"அப்ப இவ்வளவு நாள் எப்படி ஓடிச்சு?" என்று கேட்டேன்.

"அ, ஆ, க-ன்னு பேர் வெச்சுத்தான் டெஸ்ட் பண்ணேன் ஆன்ட்டி" என்றாள். 'பதிப்பி' போன்ற கட்டளைச் சொற்களை அவள் முழுதாக ஒப்பிட்டுப் பார்த்ததால் அவை தப்பித்துவிட்டன. நாமாக வைக்கும் பெயர்கள்தான் மாட்டிக்கொண்டன. ஒரு குழந்தை தன் விருப்பப்படி ஒரு தமிழ்ச் சொல்லைப் பெயராக வைத்த நிமிடம் எல்லாம் உடைந்திருக்கும். அதுவும் பெற்றோர்கள் முன்னிலையில்.

இங்கேதான் என் எம்.ஏ. இரண்டாவது தடவையாக வேலை செய்தது. ஒரு காகிதத்தை எடுத்து 'தமிழ்' என்று எழுதினேன். இதில் எத்தனை எழுத்து? இலக்கணம் மூன்று என்னும்: த, மி, ழ். யூனிகோட் ஐந்து என்னும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஃபைலில் சேமித்தால் பதினைந்து பைட். மூன்றும் தப்பில்லை, எண்ணும் பொருள்தான் வேறு. இலக்கணத்தின்படி மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய். கம்ப்யூட்டரில் அகரம் ஏறிய 'ம'தான் அடிப்படை. 'ம்' வேண்டுமென்றால் அதன்மேல் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். 1988இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த 'இஸ்கி' முறையை 1991இல் யூனிகோட் அடியொற்றியதால் வந்த ஏற்பாடு இது. தமிழுக்கு அதில் ஒதுக்கிய இடம் 128. நம் எழுத்துகள் 247 என்பது சின்ன வகுப்பிலேயே தெரியும். எல்லா உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் 'டேஸ்16' என்ற முறையைத் தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்தது. ஆனால் உலகம் புழங்குவது யூனிகோடில்தான். அந்த விவாதத்தை இங்கே கிளறப்போவதில்லை. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை முடிய வேண்டும்.

தீர்வு எளிது. சுருக்கக் குறியை நம்பாமல், தமிழுக்கென்று ஒதுக்கிய அந்த 128 இடங்களுக்குள் எது வந்தாலும் சொல்லின் பகுதியாகச் சேர்த்துக்கொள் என்று அவள் எழுதினாள். இதில் ஒரு வேடிக்கையும் தெரியவந்தது. 2008இல் வந்த பைத்தான் 3இலிருந்து, அந்த மொழியிலேயே 'வயது = 12' என்று நேராக எழுதலாம், அது ஏற்றுக்கொள்ளும். வீட்டுத் தலைவர் தமிழை உள்ளே விடுகிறார், வாசலில் நிற்கும் காவல்காரர்தான் தடுக்கிறார்.

வெள்ளிக்கிழமை நானே ஒரு பழுதைக் கொண்டுவந்து சேர்த்தேன். என் பழைய கம்ப்யூட்டரில் எழுதிவைத்திருந்த 'தொகை' என்ற சொல்லை வெட்டி அவள் பக்கத்தில் ஒட்டினேன். அவள் மேலே எழுதியிருந்த 'தொகை' வேறு, என்னுடையது வேறு என்றது கர்னல். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. காரணம், 'தொ'வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டியது புரோக்ராம் எழுதுபவரின் பொறுப்பு. அதற்கு 'நார்மலைஸ்' என்று தயாராகவே ஒரு வசதி இருக்கிறது. ஒரு வரி சேர்த்தாள், தீர்ந்தது. ஆனால் 'ஔவை'யை 'ஒ' போட்டு 'ள' போட்டு எழுதினால் எந்த வசதியும் காப்பாற்றாது. அது நம் எழுத்துப் பிழை. அதைத் திருத்த வாத்தியார்தான் வேண்டும்.

தமிழில் புரோக்ராம் எழுதுவது புதிய ஆசை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை 'எழில்' என்ற தமிழ்க் கணினி மொழியை உருவாக்கி, 2009இல் அது பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். எங்கள் மாணவி 'பதிப்பி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது அங்கிருந்துதான். எழிலில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'இஃப்' முதலில் வரும், நிபந்தனை பிறகு. எழிலில் நிபந்தனையை முதலில் அடைப்புக்குள் சொல்லிவிட்டு, பிறகு 'ஆனால்' என்று எழுத வேண்டும். நாம் பேசுவதும் அப்படித்தானே? சொற்களை மட்டும் மாற்றாமல் வாக்கியத்தின் முதுகெலும்பையே தமிழாக வைத்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளர்கள் பலர் இன்னும் கற்காத பாடம் அது.

இதனால் வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: கிடைக்காது. எட்டுக் குழந்தைகளும் நாளை ஆங்கிலத்தில்தான் புரோக்ராம் எழுதுவார்கள், எழுதட்டும். ஆனால் இந்த வேலையின் நடுவே நான் கண்டது வேறொன்று. நான்கு பழுதுகளில் இரண்டு எல்லோருக்கும் பொதுவானவை. மற்ற இரண்டும் தமிழ் எழுத்து எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். புரோக்ராம் தெரிந்தவருக்கு இலக்கணம் தேவையில்லை என்று அந்தப் பெண் நினைத்திருந்தாள். இலக்கணம் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று நானும் நினைத்திருந்தேன். நடுவில் இருந்த அந்த இடைவெளியில்தான் 'து' இரண்டாக உடைந்தது. தமிழ்த் துறைகளும் கம்ப்யூட்டர் துறைகளும் ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு ஒன்றையொன்று எட்டிப் பார்க்காத கல்லூரிகளில் இப்படி எத்தனை எழுத்துகள் தினமும் உடைகின்றனவோ.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஒத்திகையன்று அனுதாபப்பட்ட தந்தையின் மகன் 'வயது = 9' என்று எழுதினான். அடுத்து 'பதிப்பி வயது + 1' என்றான். 10 வந்தது, நட்சத்திரம் போய் எண்ணும் வந்தது. பிறகு அவனாகவே 'தாத்தா' என்று ஒரு பெயர் வைக்கப் பார்த்தான். கால் போட மறந்து 'தத்தா' என்று அடித்துவிட்டு, அடுத்த வரியில் 'தாத்தா' என்று சரியாக எழுதினான். 'தாத்தா என்ற பெயர் எனக்குத் தெரியாது' என்றது கர்னல். பையன் மேலே போய்த் தன் பிழையைத் தானே கண்டுபிடித்துக் கால் போட்டான். ஆறு மாதமாக நான் சிவப்பு மையில் சுழித்தும் நடக்காத காரியம்.

அவன் அப்பா எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், "என் பேரையும் இதுல எழுத முடியுமாம்மா?" என்று கேட்டார். எழுதிக் காட்டினாள். அவர் பெயரில் ஒரு 'சௌ' இருந்தது. நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சரியாகவே வந்தது.